ஏலத்துக்கு வரும் வீடுகள்: விளம்பரத்தை வாசிப்பதும் கணக்கு வைப்பதும்

நாளிதழ்களின் உட்பக்கங்களில் சிறிய எழுத்தில் நெருக்கமாக அச்சிடப்படும் வங்கி அறிவித்தல்களை எம்மவருள் பலர் வாசிப்பதில்லை. மரண அறிவித்தலைப் பார்ப்போம், விலைவாசியைப் பார்ப்போம், அதன் பின் பத்திரிகையை மடித்து வைத்துவிடுவோம். ஆனால் கடன் நிலுவைக்காக விற்பனைக்கு வரும் வீடும் வளவும் எவை, அவை எங்கு உள்ளன, எத்தனை பரப்பு, எந்தத் திகதியில் ஏலம் என்ற விபரங்கள் அனைத்தும் அந்த எழுத்துக்களிலேயே அடங்கியுள்ளன. சொந்த ஊரை விட்டு வந்து நலன்புரி நிலையத்திலோ உறவினர் வீட்டிலோ வாடகை வீட்டிலோ வாழும் குடும்பங்களுக்கு இவ்வறிவித்தல்கள் மற்றவர்களை விட மேலும் முக்கியமானவை. வங்கி அனுப்பும் கடிதம் பழைய முகவரிக்கே போகும். வீட்டு வாசலில் ஒட்டப்படும் தாளைப் பார்க்க அங்கு ஆளில்லை. ஆகவே இவ்வறிவித்தல்களை எவ்வாறு வாசிப்பது, ஒரு கிராமம் அவற்றை எவ்வாறு தொடர்ந்து கணக்கு வைத்திருப்பது என்பவற்றை இக்கட்டுரையில் விளக்க முனைகின்றோம்.

ஈடும் ஒற்றியும்

யாழ்ப்பாணத்தில் ஒற்றி என்னும் முறை தேசவழமை காலந்தொட்டு வழக்கில் உள்ளது. ஒல்லாந்தர் ஆட்சியில் 1707இல் தொகுக்கப்பட்ட தேசவழமையிலும் இது இடம்பெறுகின்றது. காணியின் விளைச்சலைக் கடன் கொடுத்தவர் வட்டிக்குப் பதிலாக அனுபவிப்பார். முதலைத் திருப்பிக் கொடுத்ததும் காணி மீளும். வங்கியில் வைக்கும் ஈடு வேறு விதமானது. காணியும் வீடும் எம்மிடமே இருக்கும். நாம் அங்கேயே குடியிருக்கலாம், பயிர் செய்யலாம். ஆனால் தவணைப் பணம் கட்டத் தவறினால் அவ்வாதனத்தை விற்றுக் கடனை அறவிடும் உரிமை வங்கிக்கு உண்டு. கையில் இருக்கின்றது என்பதனால் காணி பத்திரமாக இருக்கின்றது என்று எண்ணிவிடக் கூடாது.

இவ்விற்பனை இரண்டு வழிகளில் நடைபெறலாம். முதலாவது, வங்கி மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குத் தாக்கல் செய்து, தீர்ப்பாணை பெற்று விற்பது. இதில் கடனாளிக்கு அழைப்பாணை வரும், தம் பக்கத்தைச் சொல்ல இடமுண்டு, காலமும் எடுக்கும். இரண்டாவது, நீதிமன்றம் செல்லாமலேயே வங்கியின் பணிப்பாளர் சபை தீர்மானம் நிறைவேற்றி ஏலத்தில் விற்பது. இதனையே "பராட்டே" என்று சொல்கின்றார்கள். உரோமன் டச்சுச் சட்டத்திலிருந்து எமக்கு வந்த சொல் அது. அரச வங்கிகளுக்கு இவ்வதிகாரம் அவற்றின் சொந்தச் சட்டங்களின் கீழ் முன்னரே இருந்தது. ஏனைய வங்கிகளுக்கு அதனை வழங்கியது 1990ஆம் ஆண்டின் 4ஆம் இலக்க, வங்கிகளினால் கடன் அறவிடல் (விசேட ஏற்பாடுகள்) சட்டமாகும். 2011இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, கடனின் முதற்தொகை 50 இலட்சம் ரூபாவுக்குக் குறைவாயின் அச்சட்டத்தின் கீழ் இவ்வழியைக் கையாள முடியாது.

2022ஆம் ஆண்டின் நெருக்கடிக்குப் பின்னர் இச்சட்டம் பற்றிய பேச்சு நாடெங்கும் எழுந்தது. அவ்வாண்டு ஏப்பிரல் 8ஆம் திகதி மத்திய வங்கி தனது கொள்கை வட்டி வீதங்களை ஒரே தடவையில் 7 சதவீதப் புள்ளிகளால் உயர்த்தியது. மாறும் வட்டியில் கடன் எடுத்திருந்தவர்களின் தவணைப் பணம் அதனோடு ஏறியது. 2021இல் இரசாயன உர இறக்குமதி தடை செய்யப்பட்டதனால் விளைச்சல் விழுந்து, கமக்காரரும் ஆலைக்காரரும் ஏற்கெனவே நொந்திருந்த வேளை அது. இந்நிலையில் 2024இல் பாராளுமன்றம் பராட்டே விற்பனைகளை அவ்வாண்டு டிசம்பர் 15 வரை இடைநிறுத்தியது. பின்னர் அக்காலம் 2025 வரை நீடிக்கப்பட்டது. இத்தகைய சலுகைக் காலங்கள் வரும், முடியும். கடன் அத்தோடு அழிந்து போவதில்லை; வட்டியும் நிற்பதில்லை. எனவே உங்கள் கடனுக்கு எவ்வித சலுகை உண்டு என்பதனை வங்கிக் கிளையில் எழுத்து மூலம் கேட்டு, எழுத்து மூலமே பதில் பெற்றுக்கொள்ளுங்கள்.

ஓர் ஏலம் கடந்து வரும் படிகள்

1990ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நடைபெறும் விற்பனையில் படிகள் ஒழுங்காக உள்ளன. அவற்றை அறிந்தால், ஓர் அறிவித்தல் எந்தப் படியைச் சேர்ந்தது என்று கண்டுகொள்ளலாம்.

முதலாவது படி தீர்மானம். பணிப்பாளர் சபை தீர்மானித்ததும் அது வர்த்தமானியிலும், சிங்களம், தமிழ், ஆங்கிலம் ஆகிய மொழிகளில் வெளிவரும் நாளிதழ்களிலும் பிரசுரிக்கப்படும். அதன் பிரதி கடனாளிக்கும் அனுப்பப்படும். இதில் ஏலத் திகதி இராது.

இரண்டாவது படி ஏல அறிவித்தல். திகதி, நேரம், இடம் ஆகியவற்றை ஏலத்துக்குக் குறைந்தது 14 நாட்களுக்கு முன்னர் வர்த்தமானியில் பிரசுரிக்க வேண்டும். கடனாளிக்குப் பிரதி அனுப்ப வேண்டும். ஆதனத்திலோ அதன் அருகிலோ அறிவித்தலை ஒட்டவும் வேண்டும்.

மூன்றாவது படி ஏலம். அந்நாளுக்கு முன்னர் எப்போதாவது முழு நிலுவையையும் வட்டியையும் செலவையும் கட்டினால் விற்பனை நடைபெறாது. நிலுவைத் தவணைகளை மாத்திரம் கட்டி ஏலத்தை நிறுத்துவது வங்கியின் இணக்கத்தைப் பொறுத்தது. "பார்ப்போம்" என்று கிளையில் ஒருவர் வாயால் சொன்னதை நம்பி ஏல நாளன்று வீட்டில் இருந்துவிடக் கூடாது.

நான்காவது படி விற்பனைச் சான்றிதழ். இது பதிவாகியதும் உரித்து வாங்கியவருக்குச் செல்கின்றது. ஆயினும் குடியிருப்போரை வெளியேற்றி ஆட்சியைப் பெறுவதற்கு வாங்கியவர் மாவட்ட நீதிமன்றத்தின் கட்டளையைப் பெற வேண்டும். ஆட்களைக் கூட்டி வந்து பூட்டை உடைக்க எவருக்கும் உரிமையில்லை.

விற்ற பணத்தில் கடனும் செலவும் போக மீதி இருந்தால் அது கடனாளிக்கு உரியது. இதனை அறியாத குடும்பங்கள் வெட்கத்தினாலோ விரக்தியினாலோ வங்கிப் பக்கமே போகாது விடுகின்றன. வீடு போன பின்னரும் கணக்குக் கூற்றைக் கேட்டு வாங்க வேண்டும்.

அறிவித்தலை வாசிக்கும் விதம்

அறிவித்தலின் முற்பகுதியில் வங்கியின் பெயர், கடனாளியின் பெயர், ஈட்டு முறியின் இலக்கமும் திகதியும், அதனை எழுதிய நொத்தாரிசு, குறித்த திகதியில் உள்ள நிலுவை, வட்டி வீதம் ஆகியன இருக்கும். பின்னர் "அட்டவணை" என்ற தலைப்பு வரும். எமக்கு வேண்டியது அதனுள்தான் உள்ளது: காணியின் பெயர், கிராமம், நில அளவைப் படத்தின் இலக்கம், நான்கு எல்லைகள், விஸ்தீரணம், காணிப் பதிவகத்தின் பதிவு விபரம்.

ஆளின் பெயரை மட்டும் பார்த்துவிட்டு "எங்களுடையது இல்லை" என்று பக்கத்தைப் புரட்டாதீர்கள். இதற்குக் காரணம் உண்டு. உரிமையாளர் நெடுங்காலம் ஊரில் இல்லாத காணியை, போலி உறுதியாலோ தவறாகப் பயன்படுத்திய அற்றோணித் தத்துவத்தாலோ வேறொருவர் ஈடு வைத்துவிட இடமுண்டு. அப்போது அறிவித்தலில் வருவது உங்களுக்குத் தெரியாத பெயராக இருக்கும். காணியின் பெயரும் எல்லைகளும் மட்டுமே உங்களுக்குத் தெரிந்தவையாக இருக்கும். வலிகாமம் வடக்கிலிருந்து 1990இல் வெளியேறிய குடும்பங்களையும், அதே ஆண்டு ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்களையும் நினைத்துப் பாருங்கள். அன்று ஊர் விட்டவர்களின் பேரப்பிள்ளைகளுக்குக் காணியின் பெயர் தெரியுமா? வடக்கெல்லையில் யாருடைய காணி என்று தெரியுமா? உறுதியை எடுத்து வைத்து இவற்றைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பது இன்றே செய்யக்கூடிய காரியம்.

விஸ்தீரணத்தை அறிவித்தல்கள் பெரும்பாலும் ஏக்கர், றூட், பேர்ச்சஸ் என்றோ ஹெக்டேயரிலோ தரும். நாம் பரப்பில் சிந்திப்பவர்கள். கணக்கு எளிது: 10 பேர்ச்சஸ் ஒரு பரப்பு, ஒரு றூட் 40 பேர்ச்சஸ், அதாவது 4 பரப்பு, ஓர் ஏக்கர் 16 பரப்பு. ஒரு ஹெக்டேயர் ஏறத்தாழ 2.47 ஏக்கர்.

வன்னியில் அரச அனுமதிப்பத்திரத்தில் காணி பெற்றவர்கள் இன்னொன்றையும் நினைவில் வைத்திருக்க வேண்டும். 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வழங்கப்பட்ட காணியை, உரிய அதிகாரியின் எழுத்து மூல இணக்கமின்றிப் பாராதீனப்படுத்த முடியாது. அத்தகைய காணி விற்பனைக்கு வருவதைக் கண்டால் பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள்.

அறிவித்தல் வேறு, விற்பனை வேறு

ஒரு பிரதேசத்தில் வீடுகள் எவ்வளவு வேகமாகக் கைமாறுகின்றன என்று அறிய விரும்புபவர் செய்யும் முதற்பிழை, அறிவித்தல்களை எண்ணி அதுவே இழந்த வீடுகளின் தொகை எனக் கொள்வதாகும். ஒரே வீடு தீர்மானமாக ஒரு தடவை, ஏல அறிவித்தலாக ஒரு தடவை, ஏலம் பிற்போடப்பட்டு மீண்டும் ஒரு தடவை அச்சில் வரலாம். கேட்பார் இன்றி வங்கியே எடுத்துக்கொண்டால், "விற்பனைக்குள்ள ஆதனங்கள்" என்ற பட்டியலில் நான்காம் தடவையும் வரும். மறுபுறம், அறிவித்தல் வந்த வீடுகள் சிலவற்றை உரிமையாளர் நகையை விற்றோ வெளிநாட்டிலுள்ள உறவினரின் உதவியாலோ மீட்டுவிடுகின்றனர். அவை ஒருநாளும் ஏலத்துக்குப் போவதில்லை.

இதனை ஐக்கிய அமெரிக்காவின் அனுபவம் தெளிவாகக் காட்டுகின்றது. அங்கு 2007 முதல் வீட்டுக் கடன் நெருக்கடி ஏற்பட்டது. 2010இல் மட்டும் 28 இலட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளுக்கு இவ்வகை அறிவித்தல்கள் வந்தன. அதே ஆண்டில் வங்கிகள் கையேற்ற வீடுகளோ ஏறத்தாழ 10 இலட்சம். ஒஹையோ மாநிலத்தின் கிளீவ்லாந்து நகரில் ஒரு பல்கலைக்கழகம் வீட்டுக்கு வீடு விபரங்களைத் திரட்டி, அயலூர் அபிவிருத்திச் சங்கங்களின் பாவனைக்குக் கொடுத்தது. எந்த வீதியில் எந்த வீடு எந்தப் படியில் நிற்கின்றது என்று தெரிந்ததனால், குடும்பம் வெளியேறும் முன்னரே சங்கத்தார் போய்க் கதவைத் தட்ட முடிந்தது. பத்திரங்களை வாசியாமலே கையொப்பமிட்டு வீடுகளை எடுத்த முறைகேடுகளும் அந்நாட்டில் வெளிச்சத்துக்கு வந்தன. 2012 பெப்ரவரியில் ஐந்து பெரிய கடன் நிறுவனங்கள் 49 மாநிலங்களுடனும் மத்திய அரசுடனும் 2,500 கோடி டொலர் பெறுமதியான இணக்கத்துக்கு வந்தன.

கிராமத்துக்கு ஒரு கொப்பி

எமக்குப் பல்கலைக்கழகக் கணினி தேவையில்லை. வாசிகசாலையில் பத்திரிகை உண்டு. வர்த்தமானி வெள்ளிக்கிழமைகளில் வெளிவருகின்றது. அரசாங்க அச்சகத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் தமிழிலும் பார்க்கலாம். கமக்காரர் அமைப்போ மாதர் கிராம அபிவிருத்திச் சங்கமோ இரண்டு பேரை நியமித்து, வாரம் ஒரு மணித்தியாலம் செலவிட்டால் போதும். சொந்த ஊரின் பெயரும் இப்போது வாழும் ஊரின் பெயரும் வரும் அறிவித்தல்களைத் தெரிந்தெடுங்கள். ஒரு வீட்டுக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். அதே வீடு மீண்டும் அச்சில் வந்தால் அதே பக்கத்திலேயே எழுதுங்கள். எழுத வேண்டியவை இவை:

1. காணியின் பெயர், கிராமம், படத்தின் இலக்கம்.
2. விஸ்தீரணம், பரப்பில்.
3. தீர்மான அறிவித்தலின் திகதியும் நிலுவைத் தொகையும்.
4. ஏலத்தின் திகதியும் இடமும்.
5. முடிவு: மீட்கப்பட்டதா, பிற்போடப்பட்டதா, வங்கி எடுத்ததா, வேறொருவர் வாங்கினாரா.
6. விற்ற விலை, பரப்புக்கு எவ்வளவு.
7. இப்போது அங்கு குடியிருப்போர் உண்டா.

ஐந்தாவதும் ஆறாவதும் பத்திரிகையில் வரா. ஏலத்துக்கு ஒருவர் நேரில் சென்று பார்க்கலாம். அது பகிரங்க ஏலம். விற்பனைச் சான்றிதழ் பதிவான பின்னர் காணிப் பதிவகத்தில் கட்டணம் செலுத்தித் தேடியும் அறியலாம்.

ஓர் உதாரணம் பார்ப்போம். 1 றூட் 20 பேர்ச்சஸ் வளவும் வீடும் ஏலத்துக்கு வருகின்றன என்று வைத்துக்கொள்வோம். அது 60 பேர்ச்சஸ், அதாவது 6 பரப்பு. நிலுவை 72 இலட்சம் ரூபா. ஏலத்தில் 84 இலட்சத்துக்குப் போகின்றது. பரப்புக்கு 14 இலட்சம் விழுகின்றது. அயலில் சாதாரணமாகக் கைமாறும் வளவு பரப்பு 20 இலட்சம் என்றால், இக்குடும்பம் பரப்புக்கு 6 இலட்சமாக 36 இலட்சத்தை இழந்திருக்கின்றது. கடனுக்கு மேலான 12 இலட்சத்தில் செலவு 2 இலட்சம் போனால், 10 இலட்சம் அக்குடும்பத்துக்குத் திரும்பி வர வேண்டும். ஏலத்துக்கு முன்னரே வங்கியின் இணக்கத்துடன் வளவில் ஒரு பங்கைத் தாமாக விற்றிருந்தால், வீடு மிஞ்சியிருக்கலாம். இதனைக் காலத்தோடு சொல்லக்கூடியவர் கொப்பி வைத்திருப்பவரே.

ஒரு வருடம் எழுதிய பின்னர் கொப்பியைப் புரட்டினால் மேலும் சில விடயங்கள் புலப்படும். எந்தப் பகுதியில் அறிவித்தல்கள் கூடுகின்றன? வாங்குபவர்கள் ஊரவரா, வெளியாரா? வாங்கிய வீடுகள் பூட்டிக் கிடக்கின்றனவா? ஊர் திரும்பக் காத்திருப்போருக்கு இவை வெறும் விடுப்பு அல்ல. திரும்பிப் போகும்போது அங்கு அயல் என்று ஒன்று இருக்குமா என்பது இதில் தெரியும்.

கொப்பியில் வராதவை

கமக்காரரின் கடனில் பெரும்பகுதி இவ்வறிவித்தல்களில் வருவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 50 இலட்சத்துக்கு மேற்பட்ட கடன் எடுப்பவர் ஆலைக்காரர், வியாபாரி, கட்டட ஒப்பந்தகாரர் போன்றோரே. சிறு கமக்காரர் அடைவு வைத்த நகையையும், லீசிங்கில் எடுத்த உழவு இயந்திரத்தையும், நுண்கடன் தவணையையும் சுமப்பவர். எல்லாவற்றிலும் ஆபத்தானது, தனியாரிடம் கடன் வாங்கும்போது ஈட்டுக்குப் பதிலாக அறுதி உறுதி எழுதிக் கொடுப்பது. "காசைத் தந்ததும் திருப்பி எழுதித் தருவேன்" என்ற வாய்ப்பேச்சை நம்பி எழுதப்படும் அவ்வுறுதியில் காணி அன்றே கைமாறிவிடுகின்றது. அதற்கு ஏலம் இல்லை, வர்த்தமானி இல்லை, 14 நாள் இல்லை. நொத்தாரிசு முன்னிலையில் கையொப்பமிடும் முன்னர், இது ஈடா அறுதியா என்று வாய்விட்டுக் கேளுங்கள்.

செய்ய வேண்டியவை

ஈட்டுக் கடன் உள்ளவர்கள் இப்போதைய முகவரியை வங்கிக்குப் பதிவுத் தபாலில் அறிவித்து, பற்றுச்சீட்டை வைத்திருங்கள். கடன் இல்லாதவர்களும் ஒரு தடவையாவது காணிப் பதிவகத்தில் தமது காணியின் பதிவைத் தேடிப் பாருங்கள். அறிவித்தல் வந்துவிட்டால் ஒளிந்திராமல் வங்கிக்குச் செல்லுங்கள். தவணையை மறுசீரமைக்க எழுத்தில் கேளுங்கள். நியாயம் கிடைக்காவிட்டால் மத்திய வங்கியின் நிதியியல் நுகர்வோர் தொடர்புகள் திணைக்களத்துக்கு முறையிடலாம். சட்டத்தரணிக்குக் கொடுக்க வசதியில்லாதோர் 1978ஆம் ஆண்டின் சட்டத்தால் நிறுவப்பட்ட சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம். போலி உறுதி என்று சந்தேகம் எழுந்தால் ஒரு நாளும் தாமதிக்காதீர்கள்.

ஏலத்தில் வாங்க நினைப்போரும் எம்முள் உண்டு. பொதுவாக ஏல நாளன்றே விலையில் 10 சதவீதமும், உள்ளூராட்சி வரி 1 சதவீதமும், ஏலக்காரரின் தரகு 2.5 சதவீதமும் கேட்கப்படும். மீதி ஏறத்தாழ 30 நாட்களுக்குள். மேற்சொன்ன 84 இலட்ச ரூபா வீட்டுக்கு அன்றைய தினமே 1,134,000 ரூபா கையில் வேண்டும். அதற்கு மேலாக மனச்சாட்சியின் கணக்கும் ஒன்று உண்டு. மலிவாக வரும் வீடு இன்னோர் இடம்பெயர்ந்த குடும்பத்தின் வீடாக இருக்கலாம். அவர்களுக்கு அறிவித்தல் கிடைத்ததா என்று முதலில் விசாரிப்பது கிறிஸ்தவக் கடமை மட்டுமன்று, அயலவன் கடமையும் ஆகும்.

கொப்பியைப் பேணுவோருக்கும் ஒரு வார்த்தை. கடனாளியின் பெயரைக் கொப்பியில் எழுத வேண்டாம். காணியின் பெயர் போதும். கூட்டத்தில் வாசிக்க வேண்டாம். சம்பந்தப்பட்ட குடும்பத்தைத் தனியே சந்தித்துச் சொல்லுங்கள். கடன்பட்டவரின் நெஞ்சு ஏற்கெனவே கலங்கியிருக்கின்றது. ஊர்வாய் அதனை மேலும் கலக்கக் கூடாது.

வேதாகமத்தில் நெகேமியா நூலின் 5ஆம் அதிகாரம் இதே துயரைப் பேசுகின்றது. பஞ்ச காலத்தில் தானியத்துக்காக வயலையும் திராட்சைத் தோட்டத்தையும் வீட்டையும் ஈடு வைத்த மக்கள் வந்து முறையிடுகின்றனர். நெகேமியா கடன் கொடுத்தோரை அனைவர் முன்னிலையிலும் கூட்டி, எடுத்தவற்றைத் திருப்பிக் கொடுக்கச் செய்கின்றார். அவர் அதனைச் செய்ய முடிந்ததற்கு, மக்கள் தமது இழப்பை மறைக்காமல், எது எதற்காகப் போயிற்று என்று சேர்ந்து வந்து சொன்னதே காரணம். அடுத்த வெள்ளிக்கிழமை வர்த்தமானி வரும். வாசிகசாலையில் ஒரு கொப்பியும் பேனாவும் ஆயத்தமாக இருக்கட்டும்.